கோன்ழே

டெட்ராய்ட்,
12 டிசம்பர் 1959

அன்புள்ள அமிர்தத்துக்கு,

நீயும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். மழையில் அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்குமே, இப்போது எப்படி? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று கோபமாக இருப்பாய். இந்த நாட்டில் நடக்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எழுதக் கை வரவில்லை. இரும்பு ஆலைக்காரர்கள் கோடை முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் இறங்கி வரவில்லை. சர்க்கார் கைகட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கி ஆட்களை உள்ளே அனுப்பியது. அதற்குள் இரும்பு வராமல் கார் கம்பெனிகள் நின்றுவிட்டன. எங்கள் கம்பெனியும் எங்களுக்குக் கோன்ழே கொடுத்திருக்கிறது. அம்மாவுக்கு நீ படித்துக்காட்டுவாயே என்று நம்மூர் வார்த்தையையே எழுதிவிட்டேன். கவலைப்பட ஒன்றும் இல்லை.

இங்கே இரண்டு கட்சி. ஒன்றுக்கு யானை அடையாளம், இன்னொன்றுக்குக் கழுதை. ஆளுகிற யானைக் கட்சி பணக்காரர் கட்சி. கழுதைக் கட்சி எங்களைப் போன்றவர்களின் கட்சி என்று யூனியனில் சொல்கிறார்கள். விலைவாசி ஏறக்கூடாது என்று யானைக் கட்சி பணத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறதாம். விலை ஏறாமல் இருக்கிறது, சரி. வாங்குகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை! என் பக்கத்து மெஷினில் நின்ற போலந்துக்காரப் பெரியவர் இதைப் பேச ஆரம்பித்தால் மேஜையைக் குத்துவார். அடுத்த நவம்பரில் தேர்தல். அதற்குப் பிறகு எல்லாம் மாறும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கன்னியப்பன்


முத்தியால்பேட்டை, புதுச்சேரி,
17 ஜனவரி 1960

அன்புள்ள மாமாவுக்கு, அமிர்தவல்லி எழுதிக்கொண்டது.

இங்கே அத்தையும் நானும் சௌக்கியம். முழங்கால் வலி மழையோடு போய்விட்டது. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. குளிர் எப்படி இருக்கிறது என்று எழுதினீர்கள். நான் குளிரைக் கட்டிக்கொள்ளவில்லை.

கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டினேன். யானை, கழுதை எதுவும் காதில் விழவில்லை. கோன்ழே என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ளைக்கு கோன்ழே உட்டுட்டாங்களா! அப்போ ஊருக்கு வர்றான்னு சொல்லுடி!" என்று வாசலுக்குப் போய்விட்டார். கவர்னர் ஆபீஸ் சேவகன் முதல் கான்வென்ட் பிள்ளைகள் வரை லீவுக்கு இந்த ஊரில் அந்த வார்த்தைதானே. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மணியம்மாள் வந்து, "எத்தினி நாளு கோன்ழேக்கா? எங்க வூட்டுக்காரருக்கு மில்லுல லே ஆஃப்பு குடுத்து வூட்ல குந்த வெச்சிட்டாங்க. ஒங்க வூட்டுக்காரருக்கு கோன்ழே. எல்லாம் எழுதி வெச்சிருக்கணும்" என்றாள். எத்தனை நாள் என்று எனக்கும் தெரியாததால் சிரித்து வைத்தேன்.

ஒரு முக்கியமான விஷயம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் குழந்தைகள் மருந்தகத்தில் பால் காய்ச்சி ஊற்றப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அங்கே கன்னியாஸ்திரிகளுக்குத் தலைவியான பெரிய மசேர் என்னைக் கூப்பிட்டு, பயிற்சிக்கு அனுப்பி நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சம்பளமும் பிறகு பென்ஷனும் உண்டு. ஆனால் ஐந்து வருஷம் விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அமெரிக்கா கிடையாது. போடாவிட்டால் இந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். கோடைக்குள் சொல் என்கிறார்.

கல்யாணம் ஆகி நீங்கள் கப்பல் ஏறியபோது, ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். இது ஐந்தாவது பொங்கல். நான் குத்திக்காட்டவில்லை. போடட்டுமா, வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

அத்தையின் ஆசீர்வாதம். நான் இங்கே காத்திருக்கிறேன்.

அமிர்தவல்லி


டெட்ராய்ட்,
20 பிப்ரவரி 1960

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அம்மாவும் நீயும் சௌக்கியம் என்று படித்து மனம் நிறைந்தது. இங்கே பனி முழங்கால் உயரம்.

கையெழுத்துப் போடாதே. என் மனைவி ஐந்து வருஷத்துக்குப் பால் காய்ச்சி ஊற்ற எழுதிக் கொடுக்க வேண்டிய நிலையில் நான் இல்லை. இந்த வருஷத்துக்குள் உன்னை அழைத்துக்கொள்வேன். உன் விசாவுக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு சான்று வாங்கி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மற்ற பட்டறைகளைத் திறந்துவிட்டார்கள். எங்கள் பட்டறையை மட்டும் இன்னும் திறக்கவில்லை. தெற்கே வேறு மாநிலத்தில் கூலி குறைவு, யூனியன் கிடையாது என்று மெஷின்களை அங்கே ஏற்றுகிறார்களாம். அந்த மாநிலத்தை ஆள்கிறவர்கள் யார் தெரியுமா? நம் கழுதைக் கட்சிக்காரர்கள்தான்! இங்கே தொழிலாளிக்காகக் கண்ணீர் விடுகிற அதே கட்சி, அங்கே யூனியனை ஊருக்குள் விடாதே என்கிறது. போலந்துக்காரரிடம் கேட்டேன். "அது வேற கழுதை" என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

இன்னொன்று கேள். விவசாயி விதைக்காமல் நிலத்தைப் போட்டுவைத்தால் சர்க்கார் கூலி கொடுக்கிறது. விளைந்தால் விலை விழுந்துவிடுமாம்! அம்மாவிடம் சொல், சிரிப்பார்.

அறை மாறியிருக்கிறேன். புது விலாசம் பின்பக்கத்தில். இதில் ஆள் நடமாட்டம் குறைவு, நிம்மதியாக இருக்கிறது.

அம்மாவுக்கு நமஸ்காரம். நீ வெயிலில் அலையாதே.

கன்னியப்பன்


முத்தியால்பேட்டை,
19 ஏப்ரல் 1960

அன்புள்ள மாமாவுக்கு, அமிர்தவல்லி.

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். பனி நலம், அறை நலம் என்று அறிந்தேன். அந்த அறையில் குடியிருக்கிற மனுஷர் எப்படி இருக்கிறார்?

விதைக்காததற்குக் கூலி என்று அத்தையிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "வெதைக்காம உட்டா கூலியா? எங்கப்பன் பாகூர்ல வெதைச்சிட்டு இல்ல பட்டினி கெடந்தாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா, ஐந்து மாதமாகக் கோன்ழே விடுகிற கம்பெனியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அத்தை தினமும் கேட்கிறார். கோன்ழே என்றால் பிள்ளை ஏன் வரவில்லை, கப்பலுக்கு என்ன குறை என்கிறார். வழக்கமாக வருகிற பணம் போன மாதமும் வரவில்லை. தபால் தாமதம் என்று சொல்லிவைத்தேன். மணியம்மாள் இப்போதெல்லாம் எத்தனை நாள் என்று கேட்பதில்லை. அவள் கேட்காதது கேட்டதைவிட எனக்கு உறுத்துகிறது.

மசேரிடம் கெஞ்சி ஆடி வரை தவணை வாங்கியிருக்கிறேன். "ஒன் புருஷன் எழுதட்டும், ஆனா காலம் காத்துக்கினு இருக்காதும்மா" என்றார். பிரெஞ்சுக்காரியாக இருந்தாலும் தமிழ் நம் தெருத் தமிழ்தான்.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்காத கடிதம் இல்லை. நீங்கள் அதற்குப் பதில் எழுதிய கடிதமும் இல்லை. பதிலுக்கு வட்டி, வரி, யானை. எனக்கு யார் ஆண்டால் என்ன? சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அமிர்தவல்லி


டெட்ராய்ட்,
28 ஜூன் 1960

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அம்மாவும் நீயும் வெயிலைத் தாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் வெயில் வந்துவிட்டது.

யார் ஆண்டால் என்ன என்று எழுதிவிட்டாய். யார் ஆள்கிறார்கள் என்பதுதான் எல்லாம். கேள். இந்த நாட்டில் கோதுமையும் சோளமும் பாலும் மலையாகக் கிடக்கின்றன. விலை விழாமல் இருக்க சர்க்காரே வாங்கி, வைக்க இடமில்லாமல், ஓடாத பழைய கப்பல்களில் கொட்டி வைத்திருக்கிறது. கப்பலில் தானியம். தெருவில் வேலையில்லாதவர்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கண் இல்லாதவர்கள் யானைக் கட்சிக்காரர்கள். பட்ஜெட்டில் வரவும் செலவும் சரியாக இருக்கிறது என்று அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை! எனக்குக் கோபம் வருகிறது, அமிர்தம். இரவல் கோபம் இல்லை, என் சொந்தக் கோபம்.

சாப்பாடு பற்றிக் கேட்டாய். நானே சமைக்கிறேன். சோளமாவில் களி கிண்டுகிறேன், நம் கேழ்வரகுக் களி மாதிரி வராது, கரண்டியை விட்டு இறங்காது. பால் பவுடர்தான். அதை நேராக வெந்நீரில் போட்டால் கட்டி தட்டிவிடும். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் விழுதாகக் குழைத்துக்கொண்டு, பிறகு சுடுதண்ணீர் விட வேண்டும். இரண்டு வாரம் கட்டி கட்டியாகக் குடித்த பிறகு கண்டுபிடித்தேன். பால் காய்ச்சுகிறவளிடம் போய்ப் பால் காய்ச்சச் சொல்லிக்கொடுக்கிறேன் பார்.

நவம்பர் வரை பொறு. கையெழுத்துப் போடாதே. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேள்.

கன்னியப்பன்


முத்தியால்பேட்டை,
9 ஆகஸ்ட் 1960

அன்புள்ள மாமாவுக்கு, அமிர்தவல்லி.

இங்கே எல்லோரும் சுகம். ஆடிக் காற்றில் வைத்திக்குப்பத்துப் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன, மீன் கண்ணில் படவில்லை. அதைத் தவிர குறை இல்லை.

மருந்தகத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். எங்களோடு அன்னக்கிளி என்று ஒருத்தி வேலை செய்தாள். கூட்டிப் பெருக்கி, பால் பாத்திரம் கழுவுவாள். குழந்தைகளுக்கு நாங்கள் ஊற்றுவது அமெரிக்காவிலிருந்து வரும் பால் பவுடர்தான். சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டு, அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். அன்னக்கிளி அதில் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு போய் டீக்கடையில் விற்றிருக்கிறாள். பிடிபட்டுவிட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. பெரிய மசேரிடம் கேட்டேன். "அன்னக்கிளிக்கு கோன்ழே குடுத்துட்டேன்" என்றார்.

நான் ஒரு அசடு. "எத்தினி நாளைக்கு மசேர்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். "நாள் ஏதும்மா? நாம கோன்ழே எடுத்தா லீவு. அவங்க கோன்ழே குடுத்தா, வேலையை உட்டு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம். இத்தினி வருஷம் பிரெஞ்சுக்காரங்க ஊர்ல இருந்துட்டு இது தெரியாதா?" என்றார்.

எடுத்தால் லீவு, கொடுத்தால் அனுப்பிவிட்டது. நான் கான்வென்டில் ஐந்தாவது வரை படித்தவள்தான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரெஞ்சுக் கப்பல் பட்டறையில் எட்டு வருஷம் கடைசல் பிடித்த உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று குழந்தைகளுக்குப் பால் குழைத்தேன். முதலில் பச்சைத் தண்ணீரில் விழுதாக, பிறகு சுடுதண்ணீர். நீங்கள் எழுதிய பக்குவம் எனக்கு நன்றாகத் தெரியும், மாமா. அந்தச் சாக்குப் பவுடருக்கு அதுதான் பக்குவம்.

ஒன்று கேட்கிறேன். அங்கே உங்களுக்குக் கிடைக்கிற பால் பவுடர் எந்தப் பையில் வருகிறது? கடையில் வாங்குகிற பைதானே? அதன் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா?

அத்தைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அமிர்தவல்லி


டெட்ராய்ட்,
14 நவம்பர் 1960

அன்புள்ள அமிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்தும் மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன். அம்மாவும் நீயும் சந்தோஷமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

நம் கட்சி ஜெயித்துவிட்டது! மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயித்தது. எனக்கு ஓட்டு இல்லை. இந்த நாட்டுப் பிரஜை இல்லையே. ஆனால் யூனியன் ஆபீசில் நாற்காலி போட்டேன், நோட்டீஸ் கொடுத்தேன், பனியில் வீடுவீடாகக் கதவு தட்டினேன். என் நிறத்தைப் பார்த்துச் சிலர் கதவைத் திறக்கவில்லை, பரவாயில்லை. முடிவு தெரிந்த காலையில் போலந்துக்காரர் அழுதுவிட்டார். தன் சட்டையில் குத்தியிருந்த கட்சி பாட்ஜைக் கழற்றி என் கோட்டில் குத்தினார்.

ஜனவரியில் புது சர்க்கார். வட்டியைக் குறைப்பார்கள், பட்டறைகளைத் திறப்பார்கள். மேடைக்கு மேடை சொன்னார்கள், என் காதால் கேட்டேன். பிறகு உனக்கு உடனே சான்று அனுப்புவேன். இவ்வளவு பொறுத்தாய், இன்னும் இரண்டு மாதம் பொறுக்க மாட்டாயா? கையெழுத்துப் போடாதே.

பை பற்றிக் கேட்டிருந்தாய். பை வெள்ளை.

கன்னியப்பன்


முத்தியால்பேட்டை,
6 டிசம்பர் 1960

மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கட்சி ஜெயித்ததில் சந்தோஷம். கதவு தட்டினேன் என்றீர்கள். கோட்டு கிழியாமல் இருக்கிறதா? பனியில் நடக்க நல்ல பூட்ஸ் இருக்கிறதா? அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் படுத்திருந்தார், இப்போது எழுந்துவிட்டார். படுக்கையிலும் "அவனுக்கு கோன்ழே முடிஞ்சிச்சா?" என்றுதான் கேட்டார். முடியவில்லை அத்தை என்றேன். பொய் சொல்லவில்லை.

பெரிய மசேர் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாளும் பொறுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது சான்று இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில்.

பை வெள்ளை என்று எழுதினீர்கள். எழுத்து என்ன நிறம்?

அமிர்தவல்லி


டெட்ராய்ட்,
5 பிப்ரவரி 1961

அன்புள்ள அமிர்தத்துக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமா?

எழுத்து கறுப்பு, அமிர்தம். கறுப்பு மசியில், விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கிடங்கில் கொடுக்கிறார்கள். என்னோடு வரிசையில் போலந்துக்காரர் நிற்கிறார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, கட்சியைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் சில மாதம் சர்க்கார் உதவி வந்தது, அதில்தான் உங்களுக்கு அனுப்பினேன். பிறகு அது நின்றது. லே ஆஃப் என்று எழுதியிருப்பேன். ஆனால் நம் தெருவில் அந்த வார்த்தை தெரியாத குழந்தை கிடையாது. லே ஆஃப் ஆன அன்று ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே கோன்ழே என்று எழுதினேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா அதை லீவு என்று நினைத்துத் தெருவில் சொன்னதாக நீ எழுதிய அன்று திருத்தியிருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

புது சர்க்கார் ஜனவரியில் வந்தது. வந்ததும் முதல் உத்தரவாக எங்களுக்காகத்தான் கையெழுத்துப் போட்டார்கள். என்ன உத்தரவு தெரியுமா? கிடங்கில் கொடுக்கிற உணவுப் பொட்டலத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்! இனி மாவோடு மொச்சையும் முட்டைப் பொடியும் உண்டாம். கிடங்கில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நான் வேலை கேட்டுத்தானே கதவு தட்டினேன்? யானைக் கட்சி சிறிய பொட்டலம் கொடுத்தது, என் கட்சி பெரிய பொட்டலம் கொடுக்கிறது. மெஷின்கள் தெற்கே போனவை போனவைதான். வட்டி, பட்ஜெட், டாலர், தங்கம் என்று அவர்கள் பேசியதையே இவர்களும் பேசுகிறார்கள். ஒரு வருஷமாக உன்னைக் காக்கவைத்துவிட்டு இவர்களுக்காகக் காத்திருந்தேன். அதை நினைத்தால் இவர்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் அதிகமாக வருகிறது.

பொங்கல் போய்விட்டது. என் பேச்சைக் கேட்டு நீ அந்த வேலையை விட்டிருப்பாய். அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இத்தனை நாள் எழுதாமல் கிடந்தேன். திட்டு. பதில் எழுதாவிட்டாலும் சரி, அம்மாவைப் பார்த்துக்கொள்.

கன்னியப்பன்


முத்தியால்பேட்டை,
24 பிப்ரவரி 1961

அன்புள்ள மாமாவுக்கு, அமிர்தவல்லி எழுதிக்கொண்டது.

நான் நலம். நீங்கள் நலமாக இல்லை என்று ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக உங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து அழுதேன். மூன்று தடவை படித்தேன்.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. நானும் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். ஆகஸ்ட் மாதம் அன்னக்கிளி கதையை உங்களுக்கு எழுதி, தபாலில் போட்டுவிட்டு, அப்படியே திரும்பி மருந்தகத்துக்குப் போனேன். பெரிய மசேரின் எதிரில் நின்று ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் போடாதே, போடாதே என்று எழுதியபோதெல்லாம் போட்டாகிவிட்டது. பயிற்சி முடிந்து ஐப்பசியிலிருந்து முழுச் சம்பளம் வாங்குகிறேன். பொங்கலுக்குள் சொல், மசேர் பொறுக்கமாட்டார் என்று டிசம்பரில் எழுதினேனே, மசேர் அப்படிச் சொல்லவே இல்லை. பொறுக்க முடியாதவள் நான்தான். நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். என் வாயால் சொல்லி, நீங்கள் அதற்கு ஆமாம் போட்டால், பிறகு ஆயுசு முழுக்க நான்தான் உங்களைக் கண்டுபிடித்தவளாக இருப்பேன். அது எனக்கு வேண்டாம்.

ஆகவே அமெரிக்கா எனக்கு இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஊர்ப் பாலை இங்கேயே தினமும் குழைக்கிறேன், போதும்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த ஊரிலும் மில் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. லேத் பிடிக்கிறவருக்கு நாளைக்கே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கட்சிக்காரர்களைப் போல நானும் வாக்குக் கொடுக்க வேண்டுமா? கிடைக்கிற வரை வீட்டில் அடுப்பு எரியும், அதை மட்டும் சொல்கிறேன். மணியம்மாள் வீட்டுக்காரரை மில்லில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த நாளில் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. உங்களைப் பார்த்தும் சிரிக்கமாட்டார்கள்.

அத்தைக்கு இன்னும் தெரியாது. சொல்லப்போவதும் இல்லை. நேற்றுகூட மீன்காரியிடம், "எம்புள்ளை கோன்ழேல வருவான், அப்போ நல்ல வஞ்சிரமா கொண்டாடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக அவர் சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டுமா? உங்கள் கையில்தான் இருக்கிறது. கம்பெனி உங்களுக்குக் கோன்ழே கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். இப்போது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மாமா.

அமிர்தவல்லி


நியூயார்க் துறைமுகம்,
2 ஏப்ரல் 1961

அன்புள்ள அமிர்தத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. ஆடியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டே, மசேர் பொறுக்கமாட்டார் என்று எழுதினாயே! இரண்டு நாள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்றாவது நாள் போலந்துக்காரரிடம் சொன்னேன். அவர் மேஜையைக் குத்திச் சிரித்தார். தேர்தலில் நிற்க வேண்டியவள் உன் பெண்டாட்டி என்றார். அவருடைய பாட்ஜை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார், ஆனால் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை.

பஸ் பிடித்து இங்கே வந்து, ஒரு பிரெஞ்சுச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குக் கேட்டேன். பழைய பட்டறைச் சீட்டைக் காட்டினேன். மார்சேல் வரை வேலை செய்துகொண்டே போகலாம். அங்கிருந்து நம் பக்கம் வருகிற கப்பலில் ஏற வேண்டும். எப்படியும் வைகாசிக்குள் வந்துவிடுவேன். எத்தனை நாள் என்று அம்மா கேட்டால் நீயே ஏதாவது சொல்லி வை. நீ கெட்டிக்காரி.

கோன்ழே எடுத்துக்கொண்டேன்.

கப்பல் சமையற்காரர் மர்த்தினீக் தீவுக்காரர். மத்தியானம் சோறும் மீன் குழம்பும் போட்டார். சாப்பிட்டேன்.

கன்னியப்பன்